மூத்தவர்களையும் உட்கார்ந்தே இருப்பவர்களையும் வெளியே கூட்டி வருவது எப்படி? வேலூர்ப் பக்கத்துக் கேள்வி பதில்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் தெருவிலோ ஊரிலோ மூத்தவர்களுக்காக ஒரு நடைக் குழுவோ விளையாட்டுக் குழுவோ ஆரம்பிக்க நினைப்பவர்கள் கேட்பதும், அதில் சேரலாமா என்று தயங்குபவர்கள் கேட்பதும் இங்கே இருக்கின்றன. இப்படிப்பட்ட தெருக் குழுக்களோடு பழகியதில் தெரிந்துகொண்டதையும், மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்வதையும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

இது யாருக்கு?

விடியும் முன்பே ஷூ மாட்டிக்கொண்டு கோட்டை மைதானத்தைச் சுற்றுகிறவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் யார் சொல்லாவிட்டாலும் நடப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டவர், காலையிலிருந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் அம்மா, பேர்ணாம்பட்டில் வீட்டுக்குள்ளேயே தையல் மிஷினோடு இருக்கும் பெண், மனைவி போனபிறகு வாசற்படி தாண்டாத தாத்தா, மளிகைக்கடைக் கல்லாவில் முப்பது வருடம் உட்கார்ந்தவர், இவர்களுக்குத்தான்.

எண்ணிக்கை சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் வயதுவந்தவர்களில் 31 சதவீதம் பேர் போதிய உடலசைவு இல்லாமல் இருக்கிறார்கள். இந்தியாவில் அது ஏறத்தாழ பாதி. பெண்களில் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். ஆனால் விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது இளைஞர்கள்தான். முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவு கூட 35 வயதோடு முடிந்துவிடுகிறது. போட்டிக்கு அது சரி. அதற்குப் பிறகு வரும் நாற்பது வருட வாழ்க்கைக்கு யார் மைதானம் தருவது?

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். அது போதாதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்கள்தான் கேட்கிறார்கள். கோபத்தோடு கேட்கிறார்கள். கோபம் நியாயமானது.

வேலையும் அசைவுதான். 1953இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. உடற்பயிற்சியும் இதயமும் பற்றிய இன்றைய அறிவு பெரும்பகுதி அங்கிருந்து வளர்ந்ததுதான். அந்தக் கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போகவில்லை. எனவே நூறு நாள் வேலைக்குப் போய் மண்வெட்டி பிடிக்கும் கே.வி.குப்பம் ஆயாவிடம் போய் 'நீங்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும்' என்று சொல்வது அபத்தம். அவர் நம்மைவிட நன்றாகவே அசைகிறார்.

ஆனால் எல்லா வேலையும் ஒன்றல்ல. பீடி சுற்றுவதில் விரல்கள் ஓடுகின்றன, இடுப்புக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. தறியில், தையலில், தோல் கம்பெனியில் ஷூ மேல்பாகம் தைப்பதில் கழுத்தும் தோளும் ஒரே நிலையில் இறுகிப்போகின்றன. சமையலறையில் நிற்கிறோம், நடப்பதில்லை. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மிஷின், குழாய்த் தண்ணீர் எல்லாம் வந்ததில் முதுகுக்கு நிம்மதி. ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கயிறும் கொடுத்த பலம் மட்டும் போய்விட்டது. யாரும் பழைய கஷ்டத்துக்குத் திரும்பப் போக வேண்டாம். அந்தப் பலத்தை வேறு வழியில் சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று: வேலை அடுத்தவருக்காகச் செய்வது. இந்தக் குழுவுக்கு வரும் முக்கால் மணி நேரம் உங்களுக்கு. வீட்டு வேலையே போதும் என்று வாதாடிய பெண்கள் சிலர் பிறகு விடாமல் வந்ததற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறோம்.

தனியாக நடந்தால் ஆகாதா? எதற்குக் கூட்டம்?

ஆகும். தனியாக நடக்க முடிந்தவர்கள் தாராளமாக நடக்கட்டும்.

ஆனால் நம் ஊரில் ஒரு விஷயத்தை எல்லோரும் பார்த்திருப்போம். முக்குக் கடைவரை போக ஆட்டோ கேட்கும் ஆயா, பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்விட்டு வருவார். மறுநாள் கால் வலிக்கிறது என்பார், அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் கிளம்புவார். பக்தி ஒரு காரணம். கூடவே தெருப்பெண்கள் நாலு பேர், வழியெல்லாம் பேச்சு, இடையில் சுக்குக் காபி, யாராவது ஒருவர் 'இன்னும் கொஞ்சம்தான் வாங்க' என்று கையைப் பிடிப்பது, இதெல்லாமும் காரணம். அதே ஆயாவிடம் மருந்துச் சீட்டில் 'தினமும் அரை மணி நேரம் வாக்கிங்' என்று எழுதிக் கொடுத்தால் அது மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும்.

ஆகவே இந்தக் குழுக்களைப் பற்றி எங்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மக்கள் வருவது பேச. உடற்பயிற்சி அதற்கு ஒரு சாக்கு. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். 'ஆரோக்கிய முகாம்' என்று பேனர் கட்டினால் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் வருவார்கள். 'சாயந்தரம் அரசமரத்தடியில் கூடுகிறோம், டீ உண்டு' என்றால் வர வேண்டியவர்கள் வருவார்கள்.

வாரத்துக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் இதோடு சமநிலைப் பயிற்சியையும் வாரத்தில் 3 நாள் சேர்க்க வேண்டும். மிதம் என்பதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு.

150 என்ற எண்ணைக் கேட்டதும் பலர் பயந்துபோகிறார்கள். அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது: சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் அசைவதும் நல்லது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது நடந்தால்தான் பலன் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. ஒன்றுமே செய்யாதவர் தினமும் கொஞ்சம் நடக்க ஆரம்பித்தால் அவருக்குக் கிடைக்கும் லாபம், ஏற்கெனவே ஒரு மணி நேரம் நடப்பவர் இன்னும் அரை மணி கூட்டுவதால் கிடைப்பதைவிடப் பெரிது.

வெறும் நடை மட்டும் போதுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் வயதானவர்களைப் படுக்கையில் தள்ளுவது பல வீடுகளில் ஒரு விழுதல்தான். குளியலறையில் வழுக்கி, வாசற்படியில் தடுக்கி, ராத்திரி எழுந்து போகும்போது தடுமாறி விழுகிறார்கள். இடுப்பெலும்பு உடைந்துவிட்டால் அதன் பிறகு பழையபடி நடமாடுவது பலருக்குக் கைகூடுவதில்லை. விழாமல் காப்பது தொடை பலமும் சமநிலையும். நிதானமாக நடப்பதால் மட்டும் இவை இரண்டும் பெரிதாக வளர்வதில்லை.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய கால் பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, கொஞ்சம் நடை. விழுவதை அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது. அதில் அதிகப் பலன் பெற்றவர்கள் 80 வயதைத் தாண்டியவர்கள். 'இந்த வயசுக்கு மேல என்னத்த' என்று கேட்பவர்களிடம் நாங்கள் சொல்வது இதைத்தான்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து தடவை. முடியாவிட்டால் கைப்பிடித்தே எழுந்திருங்கள், அல்லது நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவருக்கு எதிரே நின்று கைகளை ஊன்றித் தள்ளுவது. ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு பாதத்தின் விரல்கள் படும்படி நிற்பது. பிறகு அதே மாதிரி கோட்டின் மேல் நடப்பது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள நாற்காலியோ ஒரு ஆளோ இருக்கட்டும்.

சோளிங்கர் மலையின் 1,305 படிகளை ஒரு காலத்தில் ஏறியவர்கள் இன்று ரோப் காரில் போகிறார்கள். போகட்டும், சாமி பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டு மொட்டைமாடிப் படியையாவது ஏறி இறங்கினால் நல்லது.

எங்கே கூடலாம்?

வீட்டிலிருந்து மெதுவாகப் பத்து நிமிடம் நடந்தால் வரக்கூடிய இடத்தில். இதுதான் முதல் விதி. கோட்டை மைதானம் அழகானது, அகழி பக்கத்துக் காற்று நன்றாக இருக்கும். ஆனால் சத்துவாச்சாரியில் இருக்கும் 72 வயதுக்காரர் பஸ் பிடித்து அங்கே வரப்போவதில்லை. காட்பாடியிலும் வேலூரிலும் விளையாட்டரங்கங்கள் இருக்கின்றன. பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு அருமையான இடம், மற்றவர்களுக்குத் தூரம்.

எனவே தெருமுனைப் பூங்கா, பள்ளிக்கூட மைதானம், கோயில் மண்டபம், சர்ச் வளாகம், சமுதாயக்கூடம், பெரிய மொட்டைமாடி என்று தேடுங்கள். கிராமத்தில் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் என்ற பெயரில் 2016க்குப் பிறகு கட்டியது ஏதாவது உங்கள் ஊராட்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பல நேரம் பிரச்சினை சாவி மட்டும்தான்.

இடம் பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார இடம் இருக்கிறதா? வெளிச்சம் இருக்கிறதா? கழிவறை இருக்கிறதா? கடைசிக் கேள்வியை ஆண்கள் நடத்தும் குழுக்கள் கேட்பதே இல்லை. 'அந்தப் பக்கம் போனா பாத்ரூம் கிடையாதே' என்பதற்காகவே வெளியே வராத பெண்கள் நிறைய. வெளியே சொல்லவும் மாட்டார்கள், 'முட்டி வலி' என்று சொல்லிவிடுவார்கள்.

தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே மருத்துவப் பரிசோதனை வைப்பது ஏற்பாடு. கொஞ்ச மாதம் பழகியவர்களைக் குழுவாக அங்கே கூட்டிப் போகலாம். 8 கிலோமீட்டரையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் நாளே அங்கே கூட்டிப் போனால் மறுநாள் ஆள் வராது.

வேலூர் வெயிலில் இதெல்லாம் நடக்குமா?

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. கத்திரி நாட்களில் காலை 5.30லிருந்து 6.30க்குள் முடித்துவிடுங்கள். சாயந்தரம் என்றால் சூரியன் இறங்கின பிறகு. பாறை மலைகள் சூழ்ந்த ஊர் என்பதால் ஆறு மணிக்குக்கூடத் தரையிலிருந்து அனல் வரும்.

வயதானவர்களுக்குத் தாக உணர்வு குறைந்துபோகும். தாகம் எடுக்காவிட்டாலும் கிளம்பும் முன் ஒரு டம்ளர், முடித்ததும் ஒரு டம்ளர். நீர்மோர் என்றால் இன்னும் சந்தோஷம். ஆனால் இதய பலவீனத்துக்கோ சிறுநீரகப் பிரச்சினைக்கோ தண்ணீர் அளவு குறைத்துச் சொல்லப்பட்டவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. பிரஷருக்காகச் சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துபோவார்கள். அவர்கள்மேல் ஒரு கண் இருக்கட்டும். யாருக்காவது தலை சுற்றினால், பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறிவிட்டு 108க்கு அழையுங்கள்.

ஒரு நாள் கூட்டம் எப்படி இருக்கும்?

எங்களுக்குப் பிடித்த வடிவம் இது. முக்கால் மணி நேரம். வந்ததும் விசாரிப்பு. 'ஏன் நேத்து காணோம்?' என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் வீண் இல்லை. பிறகு உட்கார்ந்தபடியே கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றையும் சுழற்றுவது. மனவளக்கலை பழகியவர் யாராவது கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். எளிய முறை உடற்பயிற்சியின் கை, கால் பயிற்சிகளை அவரையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் மேலே சொன்ன பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி. பிறகு ஒரு விளையாட்டு. கடைசியில் மெதுவான நடை, டீ.

விளையாட்டை விட்டுவிடாதீர்கள். வட்டமாக நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பேர் சொல்வது, பக்கெட்டில் பந்து எறிவது, பாண்டிக் கட்டத்தில் குதிக்காமல் நடந்து போவது. கும்மியும் கோலாட்டமும் தெரிந்த பெண்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். கும்மியில் குனிவு, நிமிர்வு, பக்கவாட்டு அடி, தாளம், ஞாபகம் எல்லாம் இருக்கிறது. சமநிலைக்கு இதைவிட நல்ல பயிற்சியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆற்காடு பக்கம் ஒரு காலத்தில் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர் யாராவது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அவரை நடுவில் நிறுத்தி நாலு அடவு போடச் சொல்லுங்கள், கூட்டம் தானாகச் சேரும்.

இந்த வயதில் ஆடினால் சிரிக்க மாட்டார்களா?

முதல் வாரம் சிரிப்பார்கள். ஜப்பானில் வானொலி இசைக்கு ஏற்றபடி பூங்காவில் கூடி உடற்பயிற்சி செய்வது 1928இலிருந்து நடக்கிறது. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு நகரில் 2011இல் 50 வயதைத் தாண்டியவர்களுக்காக நடந்தே ஆடும் கால்பந்தை ஆரம்பித்தார்கள், ஓடினால் தப்பாட்டம். இப்போது பல நாடுகளில் ஆடுகிறார்கள். நம் ஊர் இறகுப்பந்தையும் கைப்பந்தையும் இதே மாதிரி, ஓடாமல், வலையைக் கொஞ்சம் தாழ்த்தி ஆடிப் பாருங்கள். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 2024இல் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டது. அதில் பந்துகள் இருக்கும், இளைஞர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்கள் வருவதில்லையே?

வருவார்கள், ஆனால் பயிற்சிக்கு வர மாட்டார்கள். 'கொஞ்சம் ஒத்தாசை வேணும்' என்றால் வருவார்கள். நாற்காலி எடுத்துப் போட, வருகைப் பதிவேடு எழுத, பிரஷர் மெஷின் பார்த்துக்கொள்ள என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரை வரிசையில் நின்று கை தூக்கச் சொன்னால் கௌரவம் தடுக்கும், எண்ணிக்கை சொல்லச் சொன்னால் தானும் சேர்ந்து செய்வார்.

பெண்கள் மட்டும் தனியாகக் கூட வேண்டுமா?

கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் மாதிரி ஊர்களில் பெண்களுக்கென்று சுவரோ மறைப்போ உள்ள இடமும், பெண் ஒருவர் நடத்துவதும் இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்த கையோடு அதே வீட்டில் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்வது நன்றாக வேலை செய்யும். நைட்டி மேல் துண்டு போட்டபடியே வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிராக் பேன்ட், ஷூ என்ற பேச்சை எடுத்தால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

முட்டி தேய்ந்துவிட்டது, நடக்கக் கூடாது என்கிறார்களே?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சையே பயிற்சிதான். தொடைத் தசை வலுத்தால் முட்டியின் மேல் விழும் சுமை குறையும். ஆரம்பத்தில் லேசாக வலிக்கும். பயிற்சிக்குப் பிறகு வந்த வலி மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. வீங்கினால், மறுநாளும் அதே வலி இருந்தால் அளவைக் குறையுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதும், குந்தி உட்காருவதும் சிரமமானவர்களுக்கு நாற்காலி போடுங்கள்.

சுகர், பிரஷர் இருப்பவர்கள் சேரலாமா?

அவர்கள்தான் முதலில் சேர வேண்டும். சில எச்சரிக்கைகள் மட்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். குழுவின் பையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்க வேண்டும். காலையில் மாத்திரையும் போட்டு, சாப்பிடாமல் வருவதுதான் மிகவும் ஆபத்தான பழக்கம்.

பிரஷரில் மேல் எண் 180க்கு மேலோ கீழ் எண் 110க்கு மேலோ இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், உட்கார்ந்து பேசிவிட்டு டாக்டரைப் பார்க்கட்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம், அறுவைசிகிச்சை வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே வரட்டும்.

என்ன செருப்பு போடுவது?

பின்பட்டை உள்ள, வழுக்காத எதுவும் சரி. விலை உயர்ந்த ஷூ அவசியமில்லை.

சர்க்கரையால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்களுக்கு மட்டும் இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆனபிறகுதான் தெரியும். இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிந்துபோவதற்குக் காரணம் நோய் நேரடியாகத் தின்பது அல்ல, வலி தெரியாமல் மறுபடி மறுபடி காயப்படுவதுதான் என்று காட்டினார். அதிலிருந்து பிறந்தது எம்.சி.ஆர். எனப்படும், நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்பு. இங்கேயும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காக வளர்ந்த அந்த அறிவு இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்கிறது. மரத்த பாதம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, சூடான தார் ரோட்டில் கிரிவலம் உள்பட. அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடியிலோ பேரப்பிள்ளை உதவியாலோ பார்த்துக்கொள்வது நல்லது.

தெருநாய்கள்?

விடியற்காலை நடையை நிறுத்திய பலர் சொல்லும் காரணம் இது. குழுவாகப் போவது பாதிப் பாதுகாப்பு. கைத்தடி ஊன்றிக்கொள்ளவும் உதவும். நாயைப் பார்த்து ஓடக் கூடாது. கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

வீட்டை விட்டே வர முடியாதவர்களுக்கு?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. உங்கள் பகுதியின் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுக்கலாம். குழுவும் சும்மா இருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பத்துப் பயிற்சிகளை அவரோடு செய்துவிட்டு வரலாம். அவர் அதற்காகக் காத்திருப்பார்.

பணமும் அனுமதியும்?

பணம் குறைவு. ஒரு நோட்டு, இரண்டு ரப்பர் பந்து, டீ. நாற்காலியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வரலாம். டீச்செலவை முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே கொடுத்தால் கொஞ்ச நாளில் அவர் தலைவராகிவிடுவார், அப்புறம் அவருக்குப் பிடிக்காதவர்கள் நின்றுவிடுவார்கள். பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரிடமும், பூங்காவுக்கு மாநகராட்சி அல்லது ஊராட்சியிடமும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே நடக்கலாம், அனுமதியில்லாமல் மைக் வைப்பதோ பேனர் கட்டுவதோ கூடாது.

நோட்டில் ஒவ்வொருவரின் வீட்டு போன் நம்பர், நோய், மாத்திரை விவரத்தை எழுதி வையுங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

இரண்டு மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்களே?

எல்லா ஊரிலும் நடப்பதுதான். நின்றவர்களில் பெரும்பாலோர் சலித்து நின்றவர்கள் அல்ல. ஊருக்குப் போனார், காய்ச்சல் வந்தது, மகள் பிரசவத்துக்கு வந்தாள். இடைவெளி விழுந்ததும் திரும்ப வரக் கூச்சம். மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். போன் போதாது. கண்டிக்கவும் கூடாது.

இன்னொரு காரணம், வேகம். திடமானவர்கள் முன்னே போய்விடுவார்கள், பின்னால் வருபவர் தனியாகிவிடுவார். பார்க்ரன் என்ற இலவச வாராந்திர ஓட்டம் 2004இல் லண்டனில் 13 பேரோடு ஆரம்பித்துப் பல நாடுகளுக்குப் பரவியது. அங்கே ஒரு தன்னார்வலர் எப்போதும் கடைசி ஆளாகவே வருவார், அதனால் வேறு யாரும் கடைசியாக வருவதில்லை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் குழுவில் நன்றாக நடக்கக்கூடியவரைக் கடைசியில் வர வையுங்கள்.

முன்னேற்றம் எப்படித் தெரியும்?

எடையைப் பார்க்காதீர்கள், பலருக்கு அது அசையாது. முப்பது விநாடியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை தடவை நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65லிருந்து 69 வயதுள்ள ஆண்களுக்கு 12க்கும், பெண்களுக்கு 11க்கும் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று பொருள். இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். அடுத்தவரோடு ஒப்பிட்டு அறிவிக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகும். சமுதாயக்கூடமோ கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலோ முகூர்த்தம் இல்லாத நாளில் கிடைக்கும், இப்போதே பேசி வையுங்கள். அதுவும் கிடைக்காத நாளில் இரண்டு மூன்று பேராகப் பக்கத்து வீட்டு வராந்தாவில் கூடினால் போதும். டைல்ஸ் தரை நனைந்திருந்தால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.